கஃபே ரேசராக மாற்றிய 1994 ஆர்எக்ஸ் 100, விலை 1,35,000: வாங்கலாமா?

திருப்பூர்_கிக்கர்:

எல்லோருக்கும் வணக்கம். யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்று வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவிநாசி பக்கம் ஒரு வண்டி விலைக்கு வந்திருக்கிறது. 1994 மாடல். ஆனால் கஃபே ரேசராக, அதாவது பழைய ரேஸ் வண்டி பாணியில், மாற்றிவிட்டார்கள்; கம்பெனி கொடுத்தபடி அதில் மிச்சம் இருப்பது டேங்க்கும் பின் டிரம் பிரேக்கும்தான்.

விற்பவர் சொன்னபடி, எஞ்சினில் ஆர்எக்ஸ் 135 வண்டியின் பிளாக் (சிலிண்டர்) ஏற்றியிருக்கிறார்கள். வேகத்துக்கான எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர், பெரிய கார்புரேட்டர். முன்னால் பல்சர் ஃபோர்க், டிஸ்க் பிரேக், கிளிப்-ஆன் ஹேண்டில். பின்பக்கத்தை வெட்டி ஒற்றை சீட் வைத்தாயிற்று. ஆயில் பம்ப் கிடையாது, பெட்ரோலிலேயே 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். வேலைக்கு மட்டும் 90,000 ஆனதாம், பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கேட்கும் விலை 1,35,000.

ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன், சும்மா பறக்கிறது. அப்பா "அந்தக் காசுக்குப் புது வண்டி எடுடா" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சைடுஸ்டாண்டு:

அப்பா சொன்னதைக் கேளுங்கள். இழையை மூடிவிடலாம்.

படிவம்30:

வண்டியை அப்புறம் பார்க்கலாம், முதலில் காகிதம். ஆர்.சி. (பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறது? எந்தத் தேதி வரை செல்லும்? 1994 வண்டிக்கு முதல் 15 ஆண்டு 2009 இல் முடிந்திருக்கும். அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, அதாவது 2014, 2019, 2024 என்று புதுப்பித்து வந்திருக்க வேண்டும். நடுவில் விட்டிருந்தால் தாமதக் கட்டணமும் சேர்ந்து வரும். எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போடுங்கள். செல்லுபடித் தேதி, இன்சூரன்ஸ், கடனில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். சில பழைய வண்டிகள் கம்ப்யூட்டரில் ஏறாமலே கிடக்கும். அப்படி என்றால் பதிவு செய்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.

எஞ்சின் நம்பரையும் சேஸ் நம்பரையும் நேரில் பாருங்கள், போட்டோ போதாது. சேஸ் நம்பர் ஹேண்டில் பாரைத் தாங்கும் கழுத்துக் குழாயில் இருக்கும். மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எல்லா எண்ணும் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழ வேண்டும். ஏதாவது ஓர் எண் மட்டும் ஏறி இறங்கி இருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் ஓடிய தடம் தெரிந்தாலோ பேரம் பேசவே வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

பீளமேடு_லேத்:

தம்பி, இந்த மாதிரி வண்டிகளுக்குக் கடைசல் வேலை நாங்களே செய்து கொடுத்திருக்கிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆர்எக்ஸ் 100 இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மில்லிமீட்டர். அதுதான் 98 சிசி. 135 க்கும் அதே 50 ஸ்ட்ரோக்தான், போர் மட்டும் 58. கணக்குப் போட்டால் 132 சிசி வரும். அதனால்தான் எல்லோருக்கும் அந்த பிளாக் மேல் கண். ஆனால் 58 மில்லி பிளாக்கின் ஸ்லீவ் (பிஸ்டன் ஓடும் குழாய்) நூறின் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) வாய்க்குள் அப்படியே இறங்காது. கேஸ் வாயைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். சரியான ஆள் கடைந்திருந்தால் பிரச்சினை இல்லை. அவசரத்தில் கடைந்தவன் கேஸ்கெட் உட்காரும் சுவரை மெலிதாக்கிவிட்டிருப்பான். அங்கே காற்று இழுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் காற்று இழுத்தால் பெட்ரோல் கலவை குறையும், சூடு ஏறும், ஒரு நாள் பைபாஸில் நல்ல வேகத்தில் போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே லாக் ஆகும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். எஞ்சின் நம்பர் அடித்திருப்பதே அந்த கேஸில்தான். வாய் கடைந்த கேஸ் கெட்டுப்போனால் வேறு கேஸ் வாங்கி மாற்றிவிடலாம் என்று லேசாகச் சொல்வார்கள். கேஸை மாற்றினால் நம்பரும் மாறிவிடும். ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் ஒன்று. ஆக, இந்த வண்டியில் உங்களால் தூக்கிப் போட முடியாத இரண்டு பொருள் கேஸும் சேஸும். அந்த இரண்டிலும்தான் கத்தி வைத்திருக்கிறார்கள். டிஸ்க், ஹேண்டில், கார்புரேட்டர் எல்லாம் கழற்றி மாட்டக்கூடிய சாமான், அதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை.

மதுரை_ரீட்வால்வ்:

லேத் அண்ணன் சொல்வது சரி, ஆனால் மாடிஃபை செய்த வண்டி என்றாலே குப்பை என்கிற மாதிரி பேச்சுப் போய்விடக் கூடாது. என் வண்டியிலும் 135 பிளாக்தான், நன்றாகவே ஓடுகிறது. முப்பது வருடப் பழைய எஞ்சினில் கிராங்க்கை (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பிரித்து, கனெக்டிங் ராட் மாற்றி, பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தால் அது வண்டியின் மதிப்பைக் கூட்டும் வேலைதான். கைபடாத ஒரிஜினல் என்று விற்கும் பாதி வண்டியில் கிராங்க் கடகடவென்று அடிக்கும். அந்த 90,000 பில்லில் கிராங்க் வேலைக்கு எவ்வளவு, பெயின்டுக்கும் சீட்டுக்கும் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

சைடுஸ்டாண்டு:

பில் அவனே அடித்துக்கொண்டது இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

மதுரை_ரீட்வால்வ்:

பில்லில் பட்டறை போன் நம்பர் இருக்கும். கூப்பிட்டுக் கேட்டால் ஐந்து நிமிட வேலை. நல்ல மெக்கானிக் தான் செய்த வண்டியை மறக்கவே மாட்டார். கார்புரேட்டரில் எந்த ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டார், சிலிண்டர் எத்தனாவது போர் என்று கடகடவென்று சொல்லிவிடுவார்.

திருப்பூர்_கிக்கர்:

எல்லோருக்கும் நன்றி. விசாரித்ததில், ஆர்.சி. விற்பவர் பெயரில் இல்லை. திண்டுக்கல்காரர் ஒருவர் பெயரில் இருக்கிறது. இவர் அவரிடம் நேராக வாங்கவில்லை, நடுவில் இன்னொருவர் இருக்கிறார். ஆனால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்.சி. ஓனர் கையெழுத்துப் போட்டது தயாராக இருக்கிறதாம், "உங்கள் பெயரை எழுதிக்கொள்ளலாம்" என்கிறார். ஆர்.சி. 2029 வரை செல்லும். எஞ்சின் சிசி 98 என்றும் நிறம் கறுப்பு என்றும் இருக்கிறது. வண்டி இப்போது பச்சை.

பில்லில் கிராங்க் வேலை இருக்கிறது. பெயின்ட், சீட், லைட் வகையில்தான் பெரும்பகுதி போயிருக்கிறது.

படிவம்30:

நான் பயந்தது இதுதான். தேதி போடாமல் கையெழுத்து வாங்கி வைத்த படிவம் கை மாறிக் கை மாறி வருகிறது. அந்தத் திண்டுக்கல்காரர் இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே யாருக்கும் தெரியாது. பெயர் மாற்றும்போது அவர் ஆதாருக்கு ஓ.டி.பி. போனால் யார் சொல்வது?

அவர் பக்கத்தில் இருந்தும் பாருங்கள். வண்டி விபத்தில் மாட்டினால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018 இலேயே சொல்லிவிட்டது. எப்போதோ விற்ற வண்டிக்காக அவருக்கு நோட்டீஸ் போகும். அவர் விவரம் தெரிந்த ஆளாக இருந்தால் வண்டியைத் தேடிக்கொண்டு வருவார்.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்த விவரத்தில் இருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. கேரளாவில் இருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தியபோது 182ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. உரிமையாளர் விதிக்குப் புறம்பாக மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றத்துக்கு ஒன்று என்பதைக் கவனியுங்கள். இந்த வண்டியில் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நிறம் பெரிய விஷயம் இல்லை, ஆர்.சி.யில் திருத்திக்கொள்ளலாம். 98 சிசி வண்டியை 132 ஆக்கியது அப்படி இல்லை.

நவிமும்பை_தமிழன்:

ரோட்டில் இப்படி ஆயிரம் வண்டி ஓடுகிறது, யாரைப் பிடித்தார்கள்? ஆர்எக்ஸ் வாங்குவதே அந்தச் சத்தத்துக்காகத்தான். ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள்.

படிவம்30:

சத்தத்துக்குத் தனியாக அதே சட்டத்தில் பிரிவு 190(2) இருக்கிறது. முதல் தடவைக்கே 10,000 வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து. பிடிப்பார்களா இல்லையா என்பது உங்கள் ஊர் டிராஃபிக் போலீஸைப் பொறுத்தது. ஆனால் 2029 இல் என்ன செய்வீர்கள்? ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு, இவை மோட்டார் வாகன விதி 123 இல் வரும். பின்பக்கம் வெட்டிய வண்டியில் இவற்றை எதில் மாட்டுவது?

காரைக்குடி_ஸ்டாக்:

2029 கேள்விதான் சரியான கேள்வி. நானும் அதையே வேறு மாதிரி கேட்பேன்: பழைய பாகங்கள் எங்கே?

ஒரு சாக்கு மூட்டையில் ஒரிஜினல் சைலன்சர், 100 இன் பிளாக், ஹெட், கார்புரேட்டர், ஆயில் பம்ப், முன் ஃபோர்க், டிரம் வீல், இண்டிகேட்டர், பின் மட்கார்டு, சைடு பேனல் எல்லாம் கட்டிக் கொடுத்தால் இது ஒரு வண்டி. கொடுக்காவிட்டால் இது வேறு வண்டி. ஆர்எக்ஸ் 100 மாடலே 1985 இல் வந்தது, 1996 இல் நிறுத்திவிட்டார்கள். ஒரிஜினல் சாமான் என்று வருவதெல்லாம் பழைய வண்டியில் கழற்றியதுதான். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும், ஆனால் ஆர்எக்ஸ் என்று வாயைத் திறந்ததுமே விலை ஏறும். "ஜப்பான் சாமான்" என்று ஒரு வார்த்தை சேர்ந்தால் இன்னும் ஏறும். அதில் பாதி நேற்று வார்த்த வார்ப்பு. எல்லாம் சேர்த்து ஸ்டாக் (கம்பெனி கொடுத்த) நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை அவர் சொல்லும் விலையில் கழித்துப் பாருங்கள்.

அவர் செலவு செய்த 90,000 அவருடைய ஆசைக்கு. உங்களுக்கு அந்தப் பச்சை நிறம் பிடிக்காவிட்டால் அதன் விலை உங்களுக்கு மைனஸ்தான்.

மதுரை_ரீட்வால்வ்:

ஸ்டாக் பிரியர்கள் எப்போதும் இப்படித்தான் பேசுவீர்கள். கிராங்க் வேலைக்கு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

காரைக்குடி_ஸ்டாக்:

கொடுக்கலாம், கேஸைத் திறந்து காட்டினால். அதுவரைக்கும் அது வெறும் காகிதம்.

பீளமேடு_லேத்:

கேஸைத் திறக்க யாரும் விட மாட்டார்கள். திறக்காமலே பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை போவதானால் இப்படிப் பாருங்கள்.

போகும்போது வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனவுடன் பிளாக்கைக் கையால் தொடுங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சோக் போட்டு இரண்டு மூன்று உதையில் பிடிக்க வேண்டும். பிடித்துச் சூடான பிறகு ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள். சத்தம் உடனே ஐடிலுக்கு இறங்க வேண்டும். இறங்காமல் ஙொய் என்று மேலேயே நின்று அப்புறம் மெல்ல இறங்கினால், கார்புரேட்டர் கோளாறு இல்லை என்றால், எங்கோ காற்று இழுக்கிறது என்று அர்த்தம். கேஸ் வாயோ, கிராங்க்கின் மேக்னட் பக்க ஆயில் சீலோ. அந்த நேரத்தில் விற்பவர் "கேபிள் டைட்" என்பார். கேபிளைத் தளர்த்தியும் அதே மாதிரி செய்தால் கேபிள் இல்லை.

புகையைப் பாருங்கள். சூடான பிறகும் வெள்ளையாக, அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால் கிளட்ச் பக்க சீல் போய் கியர் ஆயிலை இழுக்கிறது. கியர் ஆயில் அளவும் குறைந்திருக்கும். நன்றாக ஓட்டிவிட்டு வந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். டிக்காஷன் நிறம் நல்லது. வெள்ளை வெளேர் என்றால் சேம்பருக்கு ஏற்ற மெயின் ஜெட் போடவில்லை, பிஸ்டனுக்கு ஆயுள் குறைவு. கறுப்பாக ஈரமாக இருந்தால் கலவை அதிகம், அது ஜெட் மாற்றினால் சரியாகும். நீங்கள் "பறக்கிறது" என்று எழுதியது சேம்பரின் வேலை. அது மேல் ஆர்பிஎம்மில் மட்டும்தான் இழுக்கும். திருப்பூர் டிராஃபிக்கில் இரண்டாவது கியரில் மெதுவாகப் போய்ப் பாருங்கள், இழுவையே இருக்காது.

சேஸ். சீட்டைக் கழற்றி, வெட்டிய இடத்தைக் கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல வேலைக்காரன் குழாய்க்குள் இன்னொரு துண்டுக் குழாயைச் செருகி, துளை போட்டு அதையும் சேர்த்துப் பற்றவைப்பான். மற்றவன் முனைக்கு முனை ஒட்டி, மேலே பட்டி தடவி பெயின்ட் அடித்துவிடுவான். காந்தம் கொண்டு போங்கள், பட்டி இருக்கும் இடத்தில் ஒட்டாது. ஷாக் அப்சார்பர் மேல்முனை மாட்டும் இடத்துக்கு முன்னால் வெட்டியிருந்தால் நான் அந்த வண்டியில் ஏற மாட்டேன். பின்னால் வெறும் வால் துண்டை மட்டும் வெட்டியிருந்தால் பழைய துண்டு வாங்கி ஒட்டிவிடலாம்.

முன் ஃபோர்க். வேறு வண்டி ஃபோர்க் என்றால் நீளம் மாறும், ஃபோர்க்கைப் பிடிக்கும் டி மாறும், ஹேண்டில் திரும்பும் கோன்செட் பேரிங் மாறும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். ஸ்டாப்பர் இல்லாமல் ஃபோர்க் நேராக டேங்க்கில் இடிக்கும், அந்த இடத்தில் இரண்டு பக்கமும் நசுங்கியிருக்கும். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடக் என்று வந்தால் கோன்செட் போய்விட்டது. பின் டயரின் இரு பக்கமும் நூல் பிடித்து முன்னால் நீட்டிப் பாருங்கள், முன்சக்கரம் நடுவில் நிற்க வேண்டும்.

நவிமும்பை_தமிழன்:

வயரிங்கை விட்டுவிட்டீர்களே. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெரும்பாலும் ஹெட்லைட் மேக்னட் காயிலில் இருந்து நேராக ஏசி மின்சாரத்தில் எரியும். அதில் எல்இடி போடுகிறேன் என்று காயிலை மாற்றிச் சுற்றி, டேங்க் அடியில் இன்சுலேஷன் டேப்பாகச் சுற்றி வைத்திருப்பார்கள். ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் எரியும்.

திருப்பூர்_கிக்கர்:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

எஞ்சின் நன்றாக இருக்கிறது. மூன்றாவது உதையில் பிடித்தது, ஐடில் உடனே இறங்கியது, பிளக் நல்ல பழுப்பு. பில்லில் இருந்த பட்டறைக்கும் போன் செய்தேன். ஜெட் நம்பர், பிஸ்டன் சைஸ் எல்லாம் தயங்காமல் சொன்னார், கேஸ் வாயைத் தானே கடைந்ததாகவும் சொன்னார். நம்பர் இரண்டும் பென்சிலில் தெளிவாக விழுந்தது, ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறது.

சேஸ் வெட்டியது ஷாக் மவுண்டுக்குப் பின்னால்தான். ஆனால் உள்ளே குழாய் இல்லை, முனைக்கு முனை ஒட்டு. காந்தம் ஒரு பக்கம் ஒட்டவில்லை. டேங்க்கில் லேத் அண்ணன் சொன்ன அதே இடத்தில் இரண்டு நசுங்கல். சிரிப்பு வந்துவிட்டது, விற்பவர் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்.

மூட்டை பற்றிக் கேட்டேன். ஃபோர்க், முன் வீல், சைலன்சர் வீட்டில் இருக்கிறது. 100 இன் பிளாக்கை விற்றுவிட்டாராம். ஆயில் பம்ப் எங்கே என்று தெரியாது என்கிறார்.

பீளமேடு_லேத்:

வால் ஒட்டு பயப்படும்படி இல்லை, பிரித்து உள்குழாய் வைத்துத் திரும்பப் பற்றவைக்கலாம். பழைய வால் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. அதுவரை பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம், ஏற்றவும் இடம் இல்லை. 100 பிளாக் போனதுதான் கஷ்டம். கிடைத்தாலும் கடைந்த கேஸில் அதை உட்கார வைக்க ஸ்லீவைச் சுற்றி வளையம் வைத்து வேலை செய்ய வேண்டும். ஆளைத் தெரிந்து கொடுக்க வேண்டிய வேலை.

காரைக்குடி_ஸ்டாக்:

அப்படியானால் என் கணக்கில் 75,000. அதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது. அதுவும் பெயர் மாறிய பிறகு.

மதுரை_ரீட்வால்வ்:

நான் 85,000 வரை போவேன். பட்டறைக்காரர் போனில் பேசியதற்கே ஒரு விலை இருக்கிறது. பெயர் விஷயத்தில் மட்டும் நானும் காரைக்குடி கட்சி.

படிவம்30:

எந்த விலையானாலும் சரி. அட்வான்ஸ் கொஞ்சமாகக் கொடுங்கள், "ஆர்.சி. உரிமையாளர் ஆர்.டி.ஓ. வேலைக்கு நேரில் வந்து முடித்துக் கொடுத்த பிறகு மீதி" என்று எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது மாற்றங்களை மறைக்காதீர்கள். சொல்லாமல் விட்டால் வண்டி சேதத்துக்கான கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

திருப்பூர்_கிக்கர்:

80,000 சொன்னேன். மூட்டையோடு, திண்டுக்கல்காரர் நேரில் வந்தால் மட்டும் என்று. விற்பவர் முதலில் கோபப்பட்டார், "பெயின்டுக்கே முப்பதாயிரம் ஆச்சு தம்பி" என்றார். இரண்டு நாள் பேச்சே இல்லை. இன்று காலை போன் செய்து, நடுவில் இருந்த ஆள் மூலம் திண்டுக்கல்காரர் நம்பரைப் பிடித்துவிட்டதாகச் சொன்னார், விலையை மட்டும் 90 ஆக்கச் சொல்கிறார்.

அந்த நம்பருக்கு நானே பேசினேன். பெரியவர் ஒருவர் எடுத்தார். வண்டி இன்னும் தன் பெயரில்தான் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. "எவனாவது எங்கேயாவது இடித்திருந்தால் என்னைத்தானே பிடித்திருப்பான்" என்று சத்தம் போட்டார். அப்புறம் அவரே, பெயரை மாற்றி முடிப்பதாக இருந்தால் பஸ் செலவு கொடுத்தால் போதும், வந்து நிற்கிறேன் என்றார்.

படிவம்30:

வரும்போது அவருடைய ஆதார், பழைய ஆர்.சி. புக் இருந்தால் அது, ஆதாரோடு இணைத்த செல்போன், எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பழைய கையெழுத்துப் படிவங்களைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். படிவம் 29 இரண்டு பிரதி.

காரைக்குடி_ஸ்டாக்:

90க்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆயில் பம்ப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தால் 82 என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில்தான் எங்கேயாவது கிடக்கும்.